ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்? கலிஃபோர்னியாவின் எண்ணும் நம் வார்டுகளின் கணக்கும்

கேள்வி கேட்டவரின் தங்கை ஒரு தனியார் மருத்துவமனையில் 30 படுக்கைகள் கொண்ட பொது வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறார். இரவில் அந்த வார்டுக்கு இரண்டு பேர் மட்டும். ஆள் போதவில்லை என்று முறையிட்டபோது, ‘இந்த வார்டுக்குப் பத்து பேர் இருக்கிறீர்கள், மூன்று நோயாளிக்கு ஒருவர் என்று ஆகிறது, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலேயே ஐந்து பேருக்கு ஒருவர்தான்’ என்று நிர்வாகம் பதில் சொல்லியிருக்கிறது. இந்தப் பதில் சரிதானா, செவிலியர் எண்ணிக்கைக்கும் நோயாளியின் உயிருக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது இது சங்கங்கள் எழுப்பும் கோரிக்கை மட்டுமா என்று அவர் கேட்டிருக்கிறார். நான் பல ஆண்டுகள் வார்டிலும், பிறகு செவிலியர் கல்லூரியிலும் பணியாற்றியவள் என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் நிர்வாகத்தின் கணக்கைப் பார்ப்போம். பத்து பேர் என்பது சம்பளப் பட்டியலில் உள்ள பெயர்களின் எண்ணிக்கை. வார விடுமுறை, பண்டிகை விடுமுறை, தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, இரவுப் பணிக்குப் பின் தரப்படும் ஓய்வு எல்லாம் போக ஒரு செவிலியர் ஆண்டுக்கு ஏறத்தாழ 260 நாட்கள் பணிக்கு வருகிறார் என்று வைத்துக்கொண்டால், பத்து பேரிடமிருந்து 2,600 ஷிஃப்டுகள் கிடைக்கும். அதை 365 நாட்களுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு ஏழு பேர். காலையில் மூவர், மாலையில் இருவர், இரவில் இருவர். அதாவது நிர்வாகம் ‘மூன்றுக்கு ஒருவர்’ என்று சொல்லும் அதே வார்டில், அதே பத்து பேரை வைத்துக்கொண்டு, இரவு இரண்டு மணிக்குப் பதினைந்து நோயாளிக்கு ஒருவர்தான் இருக்கிறார். அந்த இருவரில் ஒருவர் நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டால், அந்த அரை மணி நேரத்துக்கு முப்பது பேருக்கு ஒருவர். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ‘விகிதம்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு கணக்குகள் ஒளிந்துகொள்கின்றன, அவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவின் ‘ஐந்துக்கு ஒருவர்’ என்பது சம்பளப் பட்டியலின் கணக்கு அன்று. எந்த நேரத்திலும், இரவு இரண்டு மணியிலும்கூட, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஐந்து நோயாளிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதே அங்குள்ள விதி. அந்த விதியின்படி உங்கள் தங்கையின் வார்டில் முப்பது படுக்கையும் நிரம்பியிருந்தால் இரவில் ஆறு பேர் இருக்க வேண்டும். அவ்வளவு கண்டிப்பில்லாமல், ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆறு நோயாளிக்கு ஒருவர் என்று வைத்தாலும், ஷிஃப்டுக்கு ஐந்து பேர் வேண்டும். ஐந்து பேரை மூன்று ஷிஃப்டிலும் ஆண்டு முழுவதும் நிறுத்த 5,475 ஷிஃப்டுகள் தேவைப்படும். ஒருவருக்கு 260 நாட்கள் என்ற கணக்கில் அதற்கு 21 பேரை வேலைக்கு வைத்திருக்க வேண்டும். பத்துக்கும் இருபத்தொன்றுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைத்தான் ‘மூன்றுக்கு ஒருவர்’ என்ற வாக்கியம் மறைத்துவிடுகிறது.

இனி உயிரோடு உள்ள தொடர்பு. செவிலியர் குறைந்தால் வேலை தாமதமாகும், நோயாளியின் உறவினர்கள் சத்தம் போடுவார்கள் என்ற அளவிலேயே பலர் இதை நினைக்கிறார்கள். உண்மையான ஆபத்து சத்தமில்லாதது. அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த ஒருவருக்கு உள்ளே கிருமித்தொற்று பரவத் தொடங்கினால், பெரும்பாலும் ரத்த அழுத்தம் சரிவதற்குப் பல மணி நேரம் முன்பே மூச்சின் வேகம் கூடும். 16 என்று இருந்தது 22 ஆகும், பிறகு 28 ஆகும். அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை. படுக்கையருகில் ஒரு நிமிடம் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினால் போதும். ஆனால் அந்த ஒரு நிமிடம்தான் ஆள் குறைந்த வார்டில் முதலில் காணாமல் போகிறது. எந்த வார்டிலும் கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள், முப்பது நோயாளிகளுக்கும் சுவாசம் நிமிடத்துக்கு 20 என்று ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தால் அங்கே யாரும் மூச்சை எண்ணவில்லை என்று பொருள். எழுதியவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது. நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

பதினைந்து நோயாளிகளுக்கு நாடி, ரத்த அழுத்தம், வெப்பநிலை, மூச்சு, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பார்த்து எழுத ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று கொண்டால், ஒரு சுற்றுக்கு 75 நிமிடம். இரவு பத்து, இரண்டு, ஆறு என்று மூன்று சுற்றுக்கு மூன்றே முக்கால் மணி நேரம். இதற்கு மேல் ஊசிகள், டிரிப் மாற்றுதல், சிறுநீர்ப் பையை அளத்தல், அவசரமாக வரும் புதிய அட்மிஷன், மருந்தகத்துக்கான இண்டென்ட் என்னும் மருந்துக் கேட்புச் சீட்டு, காலை ரவுண்ட்ஸுக்கான பதிவுகள், பகல் ஷிஃப்டுக்கு ஓவர் கொடுத்தல், அதாவது நோயாளிகளின் நிலையைச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைத்தல். இத்தனையும் ஓர் இரவுப் பணிக்குள் அடங்காதபோது, எதை விடலாம் என்று செவிலியர் ஒரு தேர்வு செய்தாக வேண்டும். மருந்தை விட்டால் உடனே தெரிந்துவிடும். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதை விட்டால் மூன்றாம் நாள் படுக்கைப் புண்ணாகத் தெரியும். மூச்சை எண்ணாமல் விட்டால் பெரும்பாலான இரவுகளில் ஒன்றுமே நடக்காது. ஏதோ ஓர் இரவில் மட்டும் காலை ஆறு மணிக்கு ஒருவர் நினைவில்லாமல் கிடப்பார்.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் ‘காப்பாற்றத் தவறுதல்’ எனலாம். 1992-இல் ஜெஃப்ரி சில்பரும் அவருடைய குழுவினரும் இதை ஓர் அளவுகோலாக முன்வைத்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் சிக்கல் ஏற்படுவது பெரும்பாலும் நோயாளியின் வயதையும் நோயின் கடுமையையும் பொறுத்தது. ஆனால் சிக்கல் ஏற்பட்டவர்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பது மருத்துவமனையைப் பொறுத்தது என்பதே அவர்களின் வாதம். சிக்கலை நேரத்தில் கண்டுபிடித்து மருத்துவரை அழைப்பவர் இருபத்துநான்கு மணி நேரமும் படுக்கையருகில் உள்ளவர், அதாவது செவிலியர்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா எய்க்கன் 2002-இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த விவாதத்தின் அடித்தளம். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 2,32,342 நோயாளிகளின் பதிவுகளையும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் அளித்த பதில்களையும் அவர் இணைத்துப் பார்த்தார். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், முப்பது நாட்களுக்குள் நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் உயர்ந்தது. நான்கு பேரைப் பார்த்துக்கொள்ளும் வார்டையும் எட்டு பேரைப் பார்த்துக்கொள்ளும் வார்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு 31 சதவீதம். இந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் மொத்தமாக இறந்தவர்கள் நூற்றுக்கு இருவர். எனவே 31 சதவீதக் கூடுதல் என்றால், ஆயிரத்துக்கு இருபது என்பது ஏறத்தாழ இருபத்தாறு ஆகிறது என்று பொருள். ஒரு வார்டில் நின்றுகொண்டு பார்த்தால் இந்த ஆறு பேரும் கண்ணுக்குத் தெரியவே மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் காரணம் இறப்புச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் எதிலும் ‘செவிலியர் பற்றாக்குறை’ என்று இருக்காது. இந்தப் பிரச்சினை இத்தனை காலம் நீடிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

இதே 7 சதவீதம், ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்விலும் கிடைத்தது. அதில் இன்னொரு முடிவும் உண்டு: பட்டப்படிப்பு முடித்த செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் கூடினால் இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் குறைந்தது. தலைகளை மட்டும் எண்ணினால் போதாது, தலைக்குள் இருப்பதையும் எண்ண வேண்டும்.

ஆள் குறைவாக உள்ள மருத்துவமனை பொதுவாகவே வசதி குறைந்ததாக இருக்கலாமே, இறப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம். ஒரு மருத்துவமனையை இன்னொன்றோடு ஒப்பிடும் எல்லா ஆய்வுக்கும் இந்தக் குறை உண்டு. அதனால்தான் ஜாக் நீடில்மன் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வை நான் மாணவிகளுக்கு முதலில் சொல்வேன். அவர்கள் ஒரே ஒரு பெரிய மருத்துவமனையை எடுத்துக்கொண்டு, அதன் 43 பிரிவுகளில் சுமார் ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் ஷிஃப்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கட்டடம் ஒன்றே, மருத்துவர்கள் அவர்களே, கருவிகளும் அவையே. அங்கும், வகுத்த அளவைவிட ஆள் குறைந்த ஷிஃப்டுகளைக் கூடுதலாகச் சந்தித்த நோயாளிகள் கூடுதலாக இறந்தார்கள். அட்மிஷனும் டிஸ்சார்ஜும் நெருக்கியடித்த ஷிஃப்டுகளைச் சந்தித்தவர்களிடமும் அதே போக்கு தெரிந்தது. வார்டில் வேலை செய்தவர்களுக்கு இந்த இரண்டாம் செய்தி வியப்பாக இருக்காது. நள்ளிரவில் எண்ணிப் பார்த்தால் ஐந்து நோயாளிகள்தான். ஆனால் அந்த ஷிஃப்டுக்குள் இருவர் போய் மூவர் வந்திருந்தால் வேலை எட்டு பேருக்கானது.

கலிஃபோர்னியாவின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தங்கையின் நிர்வாகம் மேற்கோள் காட்டும் அந்த எண் எளிதாக வந்ததில்லை. செவிலியர் சங்கத்தின் பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1999-இல் ஆளுநர் கிரே டேவிஸ் சட்டத்தில் கையெழுத்திட்டார். எண்களை முடிவு செய்யும் பொறுப்பு மாநில சுகாதாரத் துறைக்குத் தரப்பட்டு, 2004 ஜனவரி 1 அன்று விதி நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சையில் இரண்டு நோயாளிக்கு ஒருவர், அவசரப் பிரிவிலும் குழந்தைகள் வார்டிலும் நான்குக்கு ஒருவர், பொது வார்டில் முதலில் ஆறுக்கு ஒருவர், 2005 முதல் ஐந்துக்கு ஒருவர். இந்தக் கடைசிப் படியை அப்போதைய ஆளுநர் ஆர்னால்டு ஸ்வார்ஸ்நேகர் அவசர ஆணை மூலம் தள்ளிவைக்கப் பார்த்தார். செவிலியர்களை அவர் ஒரு சுயநலக் குழு என்று மேடையில் பேசப்போய், அதன் பிறகு அவர் போன இடமெல்லாம் செவிலியர்கள் பதாகையோடு நின்றார்கள். சங்கம் நீதிமன்றம் சென்றது; 2005-இல் தீர்ப்பு ஆளுநருக்கு எதிராக வந்தது.

அந்த விதியின் உயிர் எண்ணில் இல்லை, எண்ணுக்குக் கீழே எழுதப்பட்ட சிறு வரிகளில் இருக்கிறது. ஒரு ஷிஃப்டின் சராசரியைக் காட்டித் தப்பிக்க முடியாது. மேற்பார்வை செய்யும் இன்சார்ஜ் சிஸ்டரையும் நிர்வாகப் பணியிலுள்ளவரையும், அவர்கள் நேரடியாக நோயாளிகளைப் பொறுப்பேற்றுப் பார்த்தால் ஒழிய, கணக்கில் சேர்க்க முடியாது. ஒருவர் சாப்பிடப் போனால் அவருடைய நோயாளிகளைப் பக்கத்து செவிலியர் தலையில் கட்டிவிட முடியாது. இந்த ‘எந்த நேரத்திலும்’ என்ற சொல்லை எதிர்த்து மருத்துவமனைகளின் சங்கம் தொடுத்த வழக்கு 2004-லேயே தோற்றது. குறைந்த பயிற்சி பெற்ற உரிமச் செவிலியர்களை வைத்து எண்ணிக்கையைப் பாதிக்கு மேல் நிரப்பவும் முடியாது. இத்தனைக்கும் மேல், ஐந்து என்பது உச்ச வரம்பு மட்டுமே. நோயாளிகளின் நிலை மோசமாக இருந்தால் அதற்கேற்பக் கூடுதல் ஆள் போட வேண்டும். இவ்வளவு இருந்தும், மீறினால் நேரடி அபராதம் என்பது பல ஆண்டுகள் பலவீனமாகவே இருந்தது. 2019-இல் இயற்றிய ஒரு சட்டத்தின் மூலம்தான் முதல் மீறலுக்கு 15,000 டாலர், அடுத்தடுத்த மீறல்களுக்கு 30,000 டாலர் என்று வகுத்தார்கள்.

பலன் கிடைத்ததா? செவிலியர் எண்ணிக்கை கூடியது என்பதில் ஐயமில்லை. முழுப் பயிற்சி பெற்ற செவிலியரை நீக்கி மலிவான ஆட்களைப் போடுவார்கள் என்ற அச்சமும் பெரும்பாலும் பொய்த்தது. கலிஃபோர்னியாவின் அளவில் ஆட்கள் இருந்திருந்தால் நியூ ஜெர்சியில் அறுவை சிகிச்சை இறப்புகள் சுமார் 14 சதவீதமும் பென்சில்வேனியாவில் சுமார் 11 சதவீதமும் குறைந்திருக்கும் என்று எய்க்கன் 2010-இல் கணித்தார். ஆனால் சட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள தரவுகளை ஆராய்ந்த சில பொருளாதார ஆய்வாளர்கள், படுக்கைப் புண்ணிலோ காப்பாற்றத் தவறுதலிலோ தெளிவான முன்னேற்றத்தைக் காணவில்லை. இதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2014-இல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மட்டும் விகிதச் சட்டம் கொண்டுவந்தபோதும் நோயாளிகளின் நிலையில் மாற்றம் தென்படவில்லை. அங்கே பெரும்பாலான பிரிவுகள் ஏற்கெனவே அந்த அளவில்தான் இருந்தன. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் என்ன கூடும்? அதே மாநிலத்தில் எல்லா வார்டுகளுக்கும் விகிதம் வகுக்கும் முன்மொழிவு 2018-இல் பொது வாக்கெடுப்புக்கு வந்தபோது, செலவையும் சிறு மருத்துவமனைகள் மூடப்படும் என்ற அச்சத்தையும் முன்வைத்து நடந்த பிரசாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் எதிராக வாக்களித்தனர்.

என்னை அதிகம் நம்பவைத்தது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. 2016 ஜூலை முதல் அங்கே 27 அரசு மருத்துவமனைகளில் காலையிலும் மாலையிலும் நான்கு நோயாளிக்கு ஒருவர், இரவில் ஏழுக்கு ஒருவர் என்று விதித்தார்கள். விதி பொருந்தாத 28 மருத்துவமனைகளை ஒப்பிட்டுக்கொள்ள வாய்ப்பு இருந்தது. 2021-இல் வெளியான முடிவின்படி, விதி வந்த மருத்துவமனைகளில் இறப்பு குறைந்தது. மறுபடி சேர்க்கப்படுவதும் தங்கும் நாட்களும் கூட ஒப்பீட்டில் மேம்பட்டன. கூடுதல் செவிலியர்களுக்கான செலவைவிட இரு மடங்கு பணம் தவிர்க்கப்பட்ட படுக்கை நாட்களிலும் மறுசேர்க்கைகளிலும் மிஞ்சியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் இதை அப்படியே நம் நாட்டுத் தனியார் மருத்துவமனைக்குப் பொருத்த முடியாது. அரசு பணம் கட்டும் இடத்தில் நோயாளி சீக்கிரம் வீடு போனால் அது சேமிப்பு. படுக்கைக் கட்டணத்தை நம்பியிருக்கும் இடத்தில் அது வருமான இழப்பு. ‘ஆள் போட்டால் உங்களுக்கே லாபம்’ என்று நிர்வாகத்திடம் வாதாடப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இந்தியாவுக்கு வருவோம். நெறிகள் இல்லாமல் இல்லை. இந்திய செவிலியர் குழுமம் போதனா மருத்துவமனையின் பொது வார்டுக்கு மூன்று படுக்கைக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளுக்கு ஐந்துக்கு ஒருவர், விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல் என்று வகுத்திருந்தது. மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு பொது வார்டுக்கு ஆறுக்கு ஒருவர், தீவிர சிகிச்சைக்கு ஒருவருக்கு ஒருவர், அதன் மேல் விடுமுறை, விடுப்புகளை ஈடுகட்ட 45 சதவீதக் கூடுதல் பணியிடங்கள் என்று வகுத்தது. செவிலியர் பணி பற்றி 1987-இல் அமைக்கப்பட்ட உயர்நிலைக் குழுவின் பரிந்துரையைப் படித்தால் உங்கள் தங்கையின் புதிருக்கு விடை அங்கேயே கிடைக்கும்: பொது வார்டுக்கு 1:3 என்று எழுதி, அதன் அருகிலேயே, அதாவது ஒரு ஷிஃப்டுக்கு 1:9 என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் எண்ணை விட்டுவிடுவது நிர்வாகங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. அந்த 1:9 என்ற அளவில் பார்த்தால்கூட உங்கள் தங்கையின் வார்டில் இரவுக்கு இருவர் போதாது, நால்வர் வேண்டும்.

இந்த நெறிகள் பரிந்துரைகளாக நின்றுவிடுவது பெருங்குறை. கலிஃபோர்னியாவில் மீறலுக்கு உரிமம் வழங்கும் துறை பதில் கேட்கும். இங்கே ஆய்வுக்கு வரும் நாளன்று மற்ற வார்டுகளிலிருந்து ஆட்களை வரவழைத்து நிறுத்தினால் காரியம் முடிந்துவிடுகிறது. அரசு மருத்துவமனைகளில் வேறு விதமான சிக்கல். தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியில் சேர்ந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் நடத்திய போராட்டம் பலருக்கு நினைவிருக்கும். அனுபவம் சேரச் சேர வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போய்விடும் ஒரு தொழிலில், நிலையான பணியிடம் இல்லாமல் விகிதத்தை மட்டும் எழுதி வைத்துப் பயனில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எய்க்கனின் 7 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, பதினைந்து நோயாளிக்கு ஒருவர் என்றால் இறப்பு இத்தனை மடங்கு என்று பெருக்கிக் காட்டாதீர்கள். அந்த ஆய்வு பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வரையிலான வார்டுகளைப் பற்றியது. அங்கே ‘மோசமான வார்டு’ என்று கணக்கிடப்பட்டது எட்டு. நம் இரவுகள் அந்த வரைபடத்துக்கு வெளியே இருக்கின்றன. மேலும் நம் வார்டுகளில் நோயாளியின் மனைவியோ மகளோ இரவெல்லாம் விழித்திருந்து, டிரிப் தீர்ந்ததையும் மூச்சு வாங்குவதையும் ஓடிவந்து சொல்கிறார்கள். கணக்கில் வராத, சம்பளமில்லாத செவிலியர்கள் அவர்கள். அவர்களால் எத்தனை உயிர்கள் பிழைத்தன என்று யாரும் எண்ணியதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நமக்கு நேரமும் இருந்ததில்லை.

உங்கள் தங்கை இப்போது செய்யக் கூடியது என்ன? வாதத்தை ‘எங்களுக்கு வேலை அதிகம்’ என்று தொடங்க வேண்டாம். அதற்கு எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். ஒரு மாதத்துக்கு மட்டும், ஒவ்வோர் இரவும் ஓவர் புத்தகத்திலேயே நான்கு எண்களை எழுதச் சொல்லுங்கள்: இரவு இரண்டு மணிக்கு வார்டில் இருந்த நோயாளிகள் எத்தனை, அந்த நேரத்தில் வார்டுக்குள் இருந்த செவிலியர்கள் எத்தனை, அந்த இரவில் வந்த அட்மிஷன் எத்தனை, நேரத்தில் முடிக்க முடியாமல் போன சுற்றுகள் எத்தனை. நோயாளியின் பெயரோ யார் மீதும் குறையோ அதில் வேண்டியதில்லை. கலிஃபோர்னிய விதியும் ஷிஃப்ட்வாரியாக ஆள் கணக்கை எழுதி வைக்கும்படிதான் மருத்துவமனைகளைக் கேட்கிறது. முப்பது இரவுகளின் பதிவோடு செவிலியர் கண்காணிப்பாளரிடம் போனால், பத்து பேர் என்ற பதிலை அவர் மறுபடியும் சொல்வது கடினம். சொன்னால், அந்தப் பத்து பேரில் இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் என்று கேட்டால் போதும்.